கற்சிலைமடு நடுகல்லின் பழைய படம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் உறவுகளே. முல்லைத்தீவு ஒட்டுசுட்டான் பக்கம் கற்சிலைமடுவில் நின்ற, வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனின் நடுகல்லின் பழைய படம் ஒன்று தேடுகிறேன். 1990க்கு முன் எடுத்ததாக இருந்தால் நல்லது.

எங்களிடமும் ஒன்று இருந்தது. அம்மப்பா என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போய் எடுப்பித்த படம். கல்லில் இருந்த ஆங்கில எழுத்துத் தெரிய வேண்டும் என்று சோக்குக் கட்டியால் வெட்டுகளை நிரப்பினார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. 2009 இடப்பெயர்வில் அல்பமே போய்விட்டது.

உண்மையில் அது வென்ற வெள்ளையர் பக்கம் நட்ட கல். 1803 ஒக்டோபர் 31 அன்று ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனை இவ்விடத்தில் தோற்கடித்தான் என்றுதான் அதில் பொறித்திருந்தது. ஆனால் எங்கள் ஊரில் அதை டிறிபேர்க் கல் என்று ஒருவரும் சொன்னதில்லை. விளக்கு வைத்ததும் தோற்றவனுக்குத்தான். வவுனியா நகரில் இன்று சிலையாக நிற்பதும் அவன்தான்.

கல் தனியாகத் தெரிய வேண்டியதில்லை. பள்ளிச் சுற்றுலா, கலியாண வீடு, எதிலாவது பின்னால் நின்றாலும் போதும். அல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள், மூலை கிழிந்துவிடும். அப்படியே கைபேசியில் எடுத்து அனுப்புங்கள். படம் இல்லாதவர்கள், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஒருதடவை கேட்டுப் பாருங்கள்.