சர்க்குலேஷனுக்கு ‘நூல் பற்றுவரவு’ என்று வைத்தால் என்ன?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

நூலக மென்பொருளைத் தமிழாக்கும்போது, புத்தகம் கொடுத்து வாங்கும் ‘சர்க்குலேஷன்’ பகுதிக்கு நீங்கள் சொன்ன ‘சுற்றோட்டம்’ பிழையான சொல் இல்லை. ஆனால் அதைக் கேட்டதும் எனக்கு இரத்தம்தான் நினைவுக்கு வருகிறது, புத்தகம் வரவில்லை. நூலக மென்பொருளில் அந்தப் பொத்தானை நாள் முழுக்க அமுக்கப் போகிறவர் நூலகர். சொல் அவருடைய வேலையைக் காட்ட வேண்டும்.

போன வாரம் தாமிரபரணிக் கரையில் ஒரு கிளை நூலகத்தில் இரண்டு மாலை உட்கார்ந்து பார்த்தேன். அங்கே இன்னும் கணினி இல்லாத பிரவுன் முறைதான். புத்தகத்துக்குள் இருக்கும் விவரச் சீட்டை எடுத்து உறுப்பினரின் சீட்டுப் பைக்குள் செருகி, திருப்ப வேண்டிய தேதிவாரியாகத் தட்டில் அடுக்குகிறார்கள். தட்டைப் பார்த்தே எந்தத் தேதிக்கு எத்தனை புத்தகம் வரணும் என்று நூலகர் அம்மா சொல்லிவிடுகிறார். நம் மென்பொருளில் அதற்கு மூன்று திரை தாண்ட வேண்டும்.

“அவங்க பேர்ல ரெண்டு நிக்கு” என்றார் ஒருவரைப் பற்றி. நம் ஊர் மளிகைக் கடைப் பற்று நோட்டின் பேச்சு இது! அதனால்தான் ‘நூல் பற்றுவரவு’ என்கிறேன். எடுத்துப் போனால் பற்று, திருப்பினால் வரவு, திரும்பாதது நிலுவை. பணக் கணக்கோடு குழம்பாதா என்பீர்கள். தாமதக் கட்டணத் திரையில் குழம்பத்தான் செய்யும். அங்கே ‘கட்டணம்’, ‘ரசீது’ என்பவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். கோஹா என்ற நூலக மென்பொருளே 1999இல் நியூசிலாந்தில் உருவானபோது, ‘கொடை’ என்று பொருள்படும் மாவோரிச் சொல்லைத்தான் பெயராக வைத்தார்கள். நமக்கு மட்டும் ஊர்ச்சொல்லில் என்ன கூச்சம்?

ரென்யூவலுக்குப் ‘புதுப்பித்தல்’ வேண்டாம். உறுப்பினர் அட்டைக்கும் அதே சொல் இருப்பதால் தவறான பொத்தான் அமுங்கும். புத்தகத்துக்குத் ‘தவணை நீட்டல்’ போதும்.

அப்புறம், சொல்லே இல்லாத ஒன்று. திரும்பி வந்த புத்தகங்களை அந்த அம்மா உடனே அடுக்கில் ஏற்றுவதில்லை, மேசையோரம் வைக்கிறார். வழக்கமாக வருகிறவர்கள் முதலில் புரட்டுவது அந்தக் குவியலைத்தான். பிறர் படித்துவிட்டுத் தந்தது என்பதே அவர்களுக்குப் பரிந்துரை. அந்த நேரத்தில் கணினி வெறுமனே ‘உள்ளது’ என்று காட்டினால், அடுக்கில் தேடுகிற வாசகர் ஏமாந்து போவார். புத்தகம் வந்துவிட்டது, இடத்துக்குப் போகவில்லை. இந்த நிலையை மென்பொருள் தனியாகக் காட்டியே ஆக வேண்டும். அதற்கு ‘வரவடுக்கு’ என்று வைத்துப் பார்த்தேன். உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது, அண்ணாச்சி?