நேட்செஸ் மாதிரி ஒரு சின்ன தெற்கத்தி ஊருக்குக் குடி வர்றவங்களுக்கு

ஜே1 வெய்வர்ல (ஜே1 விசாவுல ட்ரெய்னிங் முடிச்ச டாக்டருங்க சொந்த நாட்டுக்குத் திரும்பாம இங்கயே வேலை பாக்கக் குடுக்குற விலக்கு) மிசிசிப்பில வேலை கிடைச்சிருக்கு, ஊரு பேரு நேட்செஸ், மேப்ல பாத்தா ஆத்தோரமா தனியா கிடக்கு, குடும்பத்தோட அங்க போயி எப்படி இருக்கிறதுன்னு அடிக்கடி யாராவது கேக்குறாங்க. டாக்டருங்க மட்டும் இல்ல, எச்1பி வேலை விசாவுல ஸ்கூல் டீச்சரா வர்றவங்களும் கேக்குறாங்க, அதான் எல்லாருக்கும் சேத்து எழுதுறேன். இங்க நல்லா இருக்கலாம், பயப்படாதீங்க. ஆனா டல்லாஸ்லயும் அட்லாண்டாவுலயும் இருக்கிற சொந்தக்காரங்க சொல்ற யோசனை இங்க பாதிகூட செல்லுபடி ஆகாது. அங்க தமிழ்ச்சங்கம், கோயில், சரவண பவன்னு நம்ம ஆளுங்க கூட்டத்துக்குள்ளயே காலத்தை ஓட்டிடலாம். இங்க ஊர்க்காரங்களோடதான் பழகணும், ஊர்க்காரங்களோட பழகணும்னா இந்த ஊரு எங்கருந்து வந்துச்சு, யாரு யாருக்கு என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சிருக்கணும். என்னைக் கேட்டா வீடு பாக்குறதுக்கு முன்னாடியே அதைத் தெரிஞ்சுக்கணும்.

முதல்ல கான்ட்ராக்ட். இந்த வெய்வரைக் குடுக்குற கான்ராட் 30ங்கிற திட்டத்துல ஒவ்வொரு மாநிலத்துக்கும் வருஷத்துக்கு 30 டாக்டருங்கதான், டாக்டர் பத்தாத பகுதியில 3 வருஷம் முழுநேரமா வேலை பாக்கணும், நடுவுல பிடிக்கலன்னு லேசுல மாற முடியாது. அதனால கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஒரு வக்கீலுக்குக் காசு குடுத்துப் படிக்கச் சொல்லுங்க. பாதியில விட்டா எவ்வளவு கட்டணும், நான்-கம்பீட் (விலகினா பக்கத்துல வேற இடத்துல வேலை பாக்கக்கூடாதுங்கிற தடை) எத்தனை மைலுக்கு, கிளம்பும்போது மால்பிராக்டிஸ் டெயில் கவரேஜ் (விலகின அப்புறம் வர்ற வழக்குக்கான இன்சூரன்ஸ்) யாரு கட்டுறது, க்ரீன் கார்டு வேலையை எப்போ ஆரம்பிப்பாங்க, இது நாலும் எழுத்துல இருக்கணும். கடைசி கேள்வி கூட வர்றவங்களுக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா எச்4ல (எச்1பில இருக்கிறவங்களோட குடும்பத்துக்கான விசா) இருக்கிறவங்க, க்ரீன் கார்டுக்காக வேலை குடுக்குறவங்க போடுற ஐ-140 மனு அப்ரூவ் ஆகி, ஈஏடிங்கிற வேலை அனுமதி அட்டை கைக்கு வர்ற வரைக்கும் சம்பளத்துக்கு வேலை பாக்க முடியாது. படிக்கலாம், தடை இல்ல. கோபையா-லிங்கன் கம்யூனிட்டி காலேஜோட கேம்பஸ் ஊருக்குள்ளயே இருக்கு. வேலைக்குப் போயிட்டு இருந்த பொண்ணு இங்க வந்து நாள் பூரா வீட்டுக்குள்ள உக்காந்துட்டா அந்தத் தனிமை ரொம்பக் கொடுமை, அதை விளையாட்டா எடுத்துக்காதீங்க, வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் உக்காந்து பேசிடுங்க.

அடுத்தது கார். பஸ்ஸை நம்பி ஒண்ணும் நடக்காது, இன்டர்ஸ்டேட் ரோடு ஊர் வழியா போகாது, ஹைவே 61ம் 84ம்தான். பிளைட் ஏறணும்னா ஜாக்சனோ பேட்டன் ரூஜோ போகணும், ரெண்டுக்குமே ஒண்ணரை மணி நேரம், ரெண்டு மணி நேரம்னு ஆகும். சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வந்த கையோட லைசென்ஸ் வேலையைப் பாத்துடுங்க, வீட்டுல ரெண்டு பேருமே எடுக்கணும், ஒருத்தர் போதும்னு நினைக்காதீங்க. மிசிசிப்பில நம்பர் பிளேட்டை டேக்னு சொல்லுவாங்க, அதுக்கான காசு வண்டி மதிப்பை வச்சு வரும், புது வண்டின்னா டேக்குக்கே நல்ல தொகை ஒதுக்கி வையுங்க. ஜாக்சனுக்கு நேட்செஸ் ட்ரேஸ் பார்க்வே வழியாவும் போகலாம், நேஷ்வில் வரைக்கும் 444 மைல் போற அழகான ரோடு, லாரி கிடையாது, விளம்பரப் பலகை கிடையாது, பெட்ரோல் பங்கும் கிடையாது. வேகம் 50 மைல்தான், அதுக்கு மேல போனா ரேஞ்சருங்க பிடிச்சுடுவாங்க, பொழுது சாஞ்சா மான் குறுக்க வரும்.

இப்ப ஊர்க் கதைக்கு வர்றேன், இதைத்தான் விரிவா சொல்லணும்னு நினைச்சேன்.

இந்த ஊரு பேரே நேட்செஸ்ங்கிற பூர்வகுடி மக்களோட பேரு. 1716ல பிரெஞ்சுக்காரங்க இங்க ரோசலிக் கோட்டை கட்டினாங்க, 1729ல அந்த மக்கள் எதிர்த்துக் கிளம்பினாங்க, அடுத்த ஒண்ணு ரெண்டு வருஷத்துல பிரெஞ்சுப் படை அவங்களை அழிச்சு, பிடிபட்டவங்களை அடிமைகளா வித்துருச்சு. அவங்க கட்டின மண்மேடுகள் கிராண்ட் வில்லேஜ்னு ஊருக்குள்ளயே இருக்கு, புல்வெளி, மரநிழல், பிள்ளைங்க ஓடி விளையாடலாம். அப்புறம் பருத்தி வந்துச்சு, அந்தப் பணத்துல கட்டினதுதான் இப்ப ஊரெல்லாம் நிக்கிற வெள்ளைத் தூண் மாளிகைகள். உள்நாட்டுப் போர்ல 1862ல ஊரு சண்டை போடாம சரணடைஞ்சதால அதெல்லாம் தப்பிச்சுது. லாங்வுட்னு ஒரு எட்டுக்கோண மாளிகை, போர் வந்ததும் பிலடெல்பியாவுல இருந்து வந்திருந்த வேலைக்காரங்க போட்டதைப் போட்டபடி விட்டுட்டு ஊருக்குக் கிளம்பிட்டாங்க, கீழ்த்தளம் மட்டும் முடிஞ்சு, மேல எல்லாம் வெறும் மரச்சட்டமா இன்னைக்கும் அப்படியே கிடக்கு.

1932ல இருந்து வசந்தகாலத்துல பில்கிரிமேஜ்னு இந்த வீடுகளைத் திறந்து காட்டுறாங்க. போய் பாருங்க, ஆனா அதுக்கு முன்னாடி செயின்ட் கேத்தரின் தெரு முனையில ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோடுங்கிற இடத்துல போய் நில்லுங்க. தெற்குல மனுசங்களை வித்த பெரிய சந்தைகள்ல அது ஒண்ணு, நியூ ஆர்லீன்ஸுக்கு அடுத்து அதைத்தான் சொல்லுவாங்க. வர்ஜீனியா பக்கத்துல இருந்து சங்கிலி போட்டு நடத்தியே கூட்டிட்டு வந்திருக்காங்க. இப்ப அங்க பெரிய கட்டடம் எதுவும் இல்ல, புல்லு, தகவல் பலகைங்க, தரையில சிமெண்டுக்குள்ள பதிச்ச சில இரும்பு விலங்கு, சங்கிலி, அவ்வளவுதான், பக்கத்துல வண்டி போயிட்டே இருக்கும். 1863ல யூனியன் படை (வடக்கத்திப் படை) வந்தப்ப, அடிமைகளை அடைச்சு வச்சிருந்த கொட்டடிகளை இடிச்சாங்க. அங்க நின்னுட்டு அப்புறம் மாளிகைக்குப் போனா அந்தத் தூணும் சரவிளக்கும் யாரு உழைப்புன்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

இன்னும் ரெண்டு பேரைத் தெரிஞ்சுக்குங்க. ஒருத்தர் அப்துல் ரஹ்மான் இப்ராஹிமா, இன்னைய கினி நாட்டுல ஃபூட்டா ஜாலோன்ங்கிற நாட்டு இளவரசர். 1788ல பிடிபட்டு நேட்செஸ்ல ஒரு தோட்டக்காரருக்கு விக்கப்பட்டார். 1807ல சந்தைக்கு வந்தவரை ஒரு அயர்லாந்து டாக்டர் பாத்து அடையாளம் கண்டுபிடிச்சார். அந்த டாக்டர் ஆப்பிரிக்காவுல வழிதவறிப் போனப்ப வீட்டுல வச்சு வைத்தியம் பாத்துக் காப்பாத்தினதே இப்ராஹிமாவோட குடும்பம்தான். அந்த டாக்டர் விலை குடுத்து மீட்கப் பாத்தும் எஜமான் விடல, 1828லதான் விடுதலை கிடைச்சுது, கப்பலேறி லைபீரியா போனவர் 1829லயே இறந்துட்டார், சொந்த ஊரைப் பாக்கவே இல்ல. இன்னொருத்தர் வில்லியம் ஜான்சன், அடிமையாப் பிறந்து விடுதலையாகி ஊருக்கே முடி வெட்டினவர், 1835ல இருந்து 1851ல கொலையாகிற வரைக்கும் டைரி எழுதினார், அவரே அடிமைகளும் வச்சிருந்தார். கொலையைப் பாத்த சாட்சிங்க கறுப்பினத்தவங்க, வெள்ளையருக்கு எதிரா அவங்க சாட்சி சொல்லக்கூடாதுன்னு அன்னைய சட்டம், கொன்னவர் தன்னை வெள்ளையர்னு சொல்லித் தப்பிச்சுட்டார். அந்த வீடு இப்ப நேஷனல் பார்க் கையில இருக்கு.

பழைய கதைதானேன்னு விடாதீங்க. 1940 ஏப்ரல்ல கறுப்பின மக்கள் கூடியிருந்த ரிதம் கிளப்ங்கிற நடன அரங்குல தீப்பிடிச்சு 209 பேர் இறந்தாங்க, அலங்காரத்துக்குத் தொங்கவிட்ட காஞ்ச மரப்பாசியில தீ பரவுச்சு, ஜன்னல் எல்லாம் பலகை அடிச்சு மூடியிருந்துச்சு, வெளிய வர ஒரே வாசல். 1965 அக்டோபர்ல கறுப்பின மக்களோட உரிமைக்காக ஊர்வலம் போகப் புறப்பட்டவங்களை நூத்துக்கணக்குல பிடிச்சு, அதுல பல பேரைப் பார்ச்மன் சிறைக்கு அனுப்பிக் கொடுமைப்படுத்தினாங்க. 1967 பிப்ரவரில வார்லஸ்ட் ஜாக்சன்ங்கிற கறுப்பினத்தவர், டயர் ஃபேக்டரியில அதுவரைக்கும் வெள்ளையருக்கே குடுத்துட்டு வந்த வேலை அவருக்குக் கிடைச்சதால, வண்டியில குண்டு வச்சுக் கொல்லப்பட்டார். இந்தக் குடும்பங்கள் இன்னும் இந்த ஊர்லதான் இருக்காங்க, ஊர்ல பாதிக்கு மேல கறுப்பின மக்கள். உங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற 75 வயசுப் பாட்டி அன்னைக்குப் பள்ளிக்கூடம் போற பொண்ணு. அவங்க டாக்டரை எடுத்த எடுப்புல நம்பலன்னா, மாத்திரையைப் பத்தி நாலு தடவை கேட்டாங்கன்னா, கோவப்படாம பொறுமையா பதில் சொல்லுங்க, அந்த சந்தேகம் சும்மா வரல.

பிள்ளைங்க ஸ்கூல் விஷயத்துலயும் இதே கதைதான் நிக்குது. 1969 கடைசியில சுப்ரீம் கோர்ட் மிசிசிப்பி மாவட்டங்களைப் பாத்து இனிமே தாமதம் பண்ணாம எல்லாப் பிள்ளைங்களையும் ஒண்ணாப் படிக்க வைங்கன்னு சொல்லுச்சு, உடனே மாநிலம் பூரா வெள்ளைக்காரக் குடும்பங்கள் தனியார் அகாடமி ஆரம்பிச்சு விலகிட்டாங்க. அந்தப் பிரிவினையோட தடம் இன்னும் இருக்கு. ஆபீஸ்ல ஒருத்தர் "அந்த ஸ்கூலா, வேணாம்"னு சொன்னா எதை வச்சு சொல்றார்னு கேளுங்க. ரெண்டு பக்கமும் நேர்ல போய், வகுப்பை, டீச்சரைப் பாத்து, நீங்களா முடிவெடுங்க. எந்த முடிவெடுத்தாலும் உங்க பிள்ளை எல்லா வீட்டுப் பிள்ளைங்களோடவும் விளையாட வழி பண்ணுங்க, அது ரொம்ப அவசியம்.

வீடு வாடகைக்குப் போங்க முதல் வருஷம். பழைய வீடு அழகைப் பாத்து மயங்கி வாங்கிடாதீங்க, 1978க்கு முன்னாடி கட்டினதுன்னா ஈயப் பெயிண்ட் இருக்கலாம், கைக்குழந்தை இருக்கிறவங்க கண்டிப்பா டெஸ்ட் பண்ணணும், வரலாற்றுப் பகுதின்னா வெளிப்பக்கம் ஜன்னல் மாத்தக்கூட பழைய கட்டடங்களைப் பாதுகாக்குற ஊர்க் கமிஷன்கிட்ட அனுமதி வாங்கணும். கரையான் இன்ஸ்பெக்ஷன் இல்லாம எதுலயும் கையெழுத்து போடாதீங்க. மே மாசம் ராத்திரி விளக்கைச் சுத்தி ஈசல் மொய்க்கும், நம்ம ஊர்ல மழைக்கு வர்றதுதானேன்னு இருந்துடாதீங்க, இது ஃபார்மோசன் கரையான், வீட்டுக்குள்ளயே கிளம்பினா சுவருக்குள்ள புத்து இருக்குன்னு அர்த்தம், அன்னைக்கே ஆளைக் கூப்பிடுங்க. புல்லுல வெறுங்காலோட நிக்காதீங்க, நெருப்பு எறும்பு ஒரு நொடியில முழங்கால் வரைக்கும் ஏறிடும், கடிச்ச இடம் சீழ் வச்சுக் கொப்புளிக்கும். வசந்தகாலத்துல டோர்னாடோ சைரன் அடிச்சா போன்ல வீடியோ எடுக்க வாசலுக்குப் போகாம ஜன்னல் இல்லாத உள்ரூமுக்குப் போங்க, ஒரு வெதர் ரேடியோ வாங்கி வையுங்க.

மனுசங்க பழக்கம் நமக்கு ஒத்துவரும். பெரியவங்களை மேம், சார்னுதான் பிள்ளைங்க கூப்பிடும், ரோட்டுல எதிர்ல வர்றவர் ஸ்டியரிங்ல இருந்து விரலைத் தூக்கி வணக்கம் வைப்பார், நீங்களும் வைக்கணும். ஹெட்லைட் போட்டுட்டு வரிசையா கார் வந்தா அது சாவு ஊர்வலம், எதிர்ல வர்ற வண்டியெல்லாம் ஓரங்கட்டி நிக்கும், நீங்களும் நில்லுங்க. எந்த சர்ச்சுக்குப் போறீங்கன்னு ரெண்டாவது கேள்வியே அதுவாத்தான் இருக்கும், மதம் மாத்த வர்றாங்கன்னு பதறாதீங்க, இங்க ஒருத்தரைத் தெரிஞ்சுக்குற வழி அது. நாங்க இந்து, வீட்டுல சாமி கும்பிடுறோம், கோயில் ஜாக்சன் பக்கத்துல பிராண்டன்ல இருக்குன்னு நேரா சொன்னீங்கன்னா அடுத்த தடவை அந்தக் கோயிலைப் பத்தி விசாரிப்பாங்க. சாப்பிடக் கூப்பிட்டா போங்க, பதிலுக்கு நீங்க கூப்பிடுங்க, எங்க வீட்டு எலுமிச்சை சாதத்துக்கும் வடைக்கும் தெருவுல ரசிகர்கள் உண்டு.

சாப்பாட்டுக்குக் கஷ்டமே இல்ல. வெண்டைக்காய் ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவங்களோட சேந்து இந்த மண்ணுக்கு வந்த காய், கோடையில சந்தையில குவிஞ்சு கிடக்கும், காராமணி, கடுகுக்கீரை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் தாராளம். மளிகைக்கும் வரி உண்டு, 2025 ஜூலைலதான் 7 சதவீதத்துல இருந்து 5 ஆக்கினாங்க. இட்லி அரிசி, உளுந்து, தேங்காய், புளிக்கு ஜாக்சன் இல்லன்னா பேட்டன் ரூஜ் போற நாள்ல மொத்தமா வாங்கிப் போட்டுடணும், பெரிய ஃப்ரீசர் ஒண்ணு வாங்கிடுங்க. ஊர்ல இருந்து வரும்போது 110 வோல்ட் கிரைண்டர், மிக்ஸி மட்டும் பாத்து வாங்குங்க, கறிவேப்பிலையைப் பெட்டியில வைக்காதீங்க, ஏர்போர்ட்ல பிடுங்கிடுவாங்க. இங்கயே ஒரு கன்னு வாங்கித் தொட்டியில வளத்தா கோடை வெயிலுக்கு நல்லா தழைச்சு வரும், பனி விழுற ராத்திரி மட்டும் உள்ள எடுத்து வையுங்க.

அப்பா அம்மாவைக் கூப்பிடுறதா இருந்தா ஜூலை, ஆகஸ்ட் வேணாம், புழுக்கத்துல வாசலுக்குக்கூட வர மாட்டாங்க. மார்ச், ஏப்ரல் இல்லன்னா அக்டோபர், நவம்பர் நல்லது, சாயங்காலம் மேட்டு மேல பெஞ்சுல உக்காந்து கீழ மிசிசிப்பியையும் அந்தப் பக்கம் லூசியானாவையும் பாக்கலாம், நடக்க நல்ல பாதை இருக்கு. அக்டோபர்ல பலூன் விழா நடக்குற வாரம் ஊர்ல ரூம் கிடைக்காது, கூட வேற சொந்தக்காரங்க வந்தா முன்னாடியே பதிவு பண்ணிடுங்க. இன்சூரன்ஸ் அவங்க பிளைட் ஏறுறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க, சர்க்கரை, பிரஷர் இருந்தா ஏற்கனவே இருக்கிற வியாதிக்கு என்ன கவர் பண்ணுவாங்கன்னு எழுத்துல கேட்டு வாங்குங்க, மாத்திரையை டாக்டர் சீட்டோட கைப்பையில போட்டு அனுப்பச் சொல்லுங்க.