வானத்தில் பார்த்ததில் இன்னும் மனதை விட்டுப் போகாதது எது?

இரவுப்பறவை எழுதியது:

சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் கடந்து போவதை இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள். அது என்ன, எப்போது தெரியும் என்றெல்லாம் விளக்கப் போவதில்லை. அது மறைந்த விதத்தை மட்டும் சொல்ல வேண்டும்.

இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மேற்கிலிருந்து கிளம்பி, வெள்ளிக் கோளின் பிரகாசத்தோடு, சிமிட்டாமல், சத்தமில்லாமல் ஏறி வந்தது. உச்சியைத் தாண்டி அடிவானம் வரை இறங்கும் என்று கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கிறேன். பாதி வானத்திலேயே, மேகத் துணுக்குகூட இல்லாத இடத்தில், வெள்ளை மஞ்சளானது, மஞ்சள் செம்பானது, அப்புறம் ஆளைக் காணோம். எல்லாம் சில நொடிக்குள். காரணம் தெரிந்ததுதான், பூமியின் நிழலுக்குள் போய்விட்டது. 400 கிலோமீட்டருக்குச் சற்று மேலே அந்த நொடியில் சூரியன் மறைந்தது. உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு நாளில் வருகிற பதினாறு அஸ்தமனங்களில் அதுவும் ஒன்று. அவர்களுடைய அஸ்தமனத்தை நான் கீழே நின்று, வெளியிலிருந்து பார்த்திருக்கிறேன். இது என்னைத் தூங்க விடவில்லை என்றால் மிகையில்லை.

2000 நவம்பர் 2 முதல் அங்கே ஆள் இல்லாத நாளே கிடையாது. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள். பெரிய நிகழ்வாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.


தெற்குவானம் எழுதியது:

ராக்கெட் ஒன்று எரிந்து இறங்கியதைப் பார்த்தேன். எரிகல்லாக இருக்கும் என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள், எரிகல் நிறையப் பார்த்தவன் நான். எரிகல் நொடிக்கு 11 கிலோமீட்டருக்குக் குறையாமல் வரும், சிலது 70 கிலோமீட்டரைத் தொடும். ‘அதோ பார்’ என்று சொல்லி முடிப்பதற்குள் காணாமல் போயிருக்கும். இது சுற்றுப்பாதையிலிருந்து வருவது, நொடிக்கு 8 கிலோமீட்டருக்கும் குறைவு, அதுவும் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில். நான் குரல் கொடுத்து, வீட்டில் இருந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்த பிறகும் பாதி வானம் மிச்சம் இருந்தது.

முதலில் ஆரஞ்சு நிறத்தில் ஒரே வெளிச்சம். பிறகு அதிலிருந்து துண்டுகள் பிரிந்தன. பிரிந்தவை தரையைப் பார்த்து விழும் என்றுதான் யாரும் நினைப்போம். விழவில்லை. எல்லாம் ஒரே திசையில், தாய்த்துண்டின் பின்னாலேயே வரிசையாகப் போயின. சின்னவை பின்தங்கிப் பின்தங்கி அணைந்தன. ஒன்று மட்டும் மரங்களுக்குப் பின்னால் மறைகிறவரை எரிந்துகொண்டே போனது. சத்தம் வருமா என்று நின்றோம். 80 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சத்தம் வந்து சேரவே நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒன்றும் வரவில்லை.

அந்தக் கடைசித் துண்டு எங்கே போனது என்பதுதான் என்னை விடாத கேள்வி. கடலில்தான் விழுந்திருக்கும் என்கிறார்கள், சரி. ஆனால் 2021 மார்ச்சில் விண்வெளி நிலையத்திலிருந்து கழற்றிவிட்ட பழைய பேட்டரிப் பலகை 2024 மார்ச் 8 அன்று இறங்கியபோது, அதில் மிஞ்சிய 700 கிராம் உலோகத் துண்டு புளோரிடாவில் ஒரு வீட்டின் கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்தது. முழுக்க எரிந்துவிடும் என்றுதான் நாசா கணக்குப் போட்டிருந்தது.

இரவுப்பறவை, நீங்கள் சொன்ன நிலையத்தையும் ஒருநாள் இப்படித்தான் இறக்கப் போகிறார்கள். 400 டன்னுக்கு மேல் எடை. தென் பசிபிக்கில் ஆள் நடமாட்டமே இல்லாத பகுதிக்கு இழுத்து விடுவதற்கென்றே தனி விண்கலம் செய்யும் வேலையை 2024 ஜூனில் ஸ்பேஸ்எக்ஸிடம் கொடுத்திருக்கிறார்கள். பார்க்க வேண்டியவர்கள் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.


அரைநிலா எழுதியது:

என்னுடையது ஸ்டார்லிங்க் ரயில், அதாவது இணைய சேவைக்காக ஸ்பேஸ்எக்ஸ் ஏவும் செயற்கைக்கோள்கள் வரிசையாகப் போவது. இங்கே பலருக்கு அது பிடிக்காது, தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

பாட்டியை வெளியே உட்கார வைத்திருந்தேன். அவருக்கு இப்போது பார்வை மங்கல், நட்சத்திரங்களில் பளிச்சென்று இருப்பவைதான் தெரியும். திடீரென்று, ‘அது என்னடா கோடு?’ என்றார். நான் பார்ப்பதற்கு முன்னால் அவர்தான் பார்த்தார். ஒன்றன் பின் ஒன்றாக, இடைவெளி பிசகாமல் வந்துகொண்டே இருந்தன. பாட்டி விரல் நீட்டி எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடியவில்லை, நடுவில் விட்டுவிட்டு, ‘இவ்வளவையும் மனுசங்களா மேல ஏத்தினாங்க?’ என்று கேட்டார். ஆமாம் பாட்டி என்றேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அவர் சந்தோஷப்பட்டாரா பயந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.


கருவிழி எழுதியது:

அரைநிலா, பாட்டியின் கேள்வி நல்ல கேள்வி. பதிலை யாராவது முழுதாகச் சொல்ல வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

டிசம்பரில் ஜெமினிட் எரிகல் மழை. எரிகல் மழைகள் பெரும்பாலும் வால்வெள்ளி விட்டுப்போன தூசியிலிருந்து வருபவை. ஜெமினிட்டோ ஃபேத்தான் என்ற சிறுகோளிலிருந்து வருகிறது, அதனாலேயே எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். கேமராவை மிதுன ராசிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டு பார்த்தேன். பெரிய எரிகல் ஒன்று தலைக்கு நேராகக் கிழித்துக்கொண்டு போனது, பச்சை நிறம், அதன் தடம் கொஞ்ச நேரம் நின்று கலைந்தது. கேமராவிலும் விழுந்திருந்தது. படத்தைத் திறந்தால், அதன் மேலேயே மூன்று செயற்கைக்கோள் கோடுகள். அந்தப் படத்தை நான் அழிக்கவும் இல்லை, யாருக்கும் காட்டவும் இல்லை.

முதல் 60 ஸ்டார்லிங்க் ஒன்றாக மேலே போனது 2019 மே மாதம். இன்று எட்டாயிரத்துக்கும் மேல். பாட்டி பார்த்தது ஏவிய புதிதில், தாழ்வாக இருக்கும்போது. பிறகு இன்னும் உயரத்துக்கு ஏறியதும் வெறுங்கண்ணுக்கு மங்கிவிடும், அதனால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் பெரிய தொலைநோக்கிக்கு ஏராளம். சிலியில் வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது, 3200 மெகாபிக்சல் கேமரா, சில இரவுக்கு ஒருமுறை தென்வானம் முழுவதையும் எடுத்து முடிக்கும். அந்தப் படங்களிலும் இந்தக் கோடுகளை நீக்கிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். ஸ்பேஸ்எக்ஸ் இவற்றுக்குக் கறுப்புப் பூச்சு பூசிப் பார்த்தது, நிழல் தட்டி வைத்துப் பார்த்தது. முயற்சி செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. எண்ணிக்கை கூடும் வேகத்துக்கு அது போதவில்லை என்கிறேன்.

தெற்குவானம், உங்களுக்கும் ஒன்று. இவற்றின் ஆயுள் ஐந்து ஆண்டு வாக்கில்தான். முடிந்ததும் எல்லாம் காற்றில் எரிய வேண்டியவை. நீங்கள் பார்த்த காட்சி இனி அபூர்வம் இல்லை.


அரைநிலா எழுதியது:

படத்தை நீங்கள் காட்டியிருக்கலாம். மறுப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் வருஷக்கணக்கில் வானத்தைப் பார்க்காத ஒருவர் அன்றைக்கு நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அதையும் கணக்கில் சேர்க்கத் தோன்றுகிறது.


நிழல்விளிம்பு எழுதியது:

2025 செப்டம்பர் 7 சந்திர கிரகணம். முழு மறைப்பு மட்டும் 82 நிமிடம். எல்லாரும் சிவந்த நிலாவைப் பற்றித்தான் பேசினார்கள், படமும் அதுதான் போட்டார்கள். அது அழகுதான். எனக்கு நிற்பது வேறு இரண்டு.

ஒன்று, முழுநிலா இரவில் காணாமல் போயிருந்த நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. பக்கத்தில் சனி தனியாகத் துலங்கியது. அதுவரை தட்டையாகத் தெரிந்த நிலா, சுற்றிலும் நட்சத்திரங்கள் வந்ததும் உருண்டையாகத் தொங்க ஆரம்பித்தது. கண்ணுக்கு ஆழம் தெரிந்தது என்று சொன்னால் புரியுமா தெரியவில்லை.

இரண்டாவது, முழு மறைப்பு முடியும்போது. இருநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். விளிம்பில் வெள்ளை வெளிச்சம் வருவதற்குச் சற்று முன்னால், சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே மெல்லியதாக ஒரு நீலப் பட்டை. பூமியின் ஓசோன் அடுக்கு வழியாக வந்த ஒளி அது. ஓசோன் சிவப்பை உறிஞ்சிக்கொள்கிறது, நீலம் மட்டும் தப்பி வந்து நிலாவில் விழுகிறது. நம்முடைய காற்றின் ஓர் அடுக்கை நிலாவின் மேல் வைத்துப் பார்த்திருக்கிறேன். அடுத்த கிரகணத்தில் சிவப்பை விட்டுவிட்டு இதைத் தேடுங்கள்.


வளையம் எழுதியது:

அப்பாவுக்குச் சனியைக் காட்டினேன், 2025 நவம்பரில். அவர் பாடப்புத்தகத்தில் பார்த்த அகலமான வளையம் இல்லை. அந்த ஆண்டு மார்ச்சில் பூமி வளையத் தளத்தைக் கடந்திருந்தது, அதனால் பக்கவாட்டில் ஊசியாகத் தெரிந்தது. ‘நடுவுல கோடு போட்ட மாதிரி இருக்கு’ என்றார். கொஞ்ச நேரத்தில், ‘நகர்ந்துகிட்டே இருக்கே, அது நகருதா, நாம நகர்றோமா?’ என்று கேட்டார். நாமதான்பா, பூமி சுத்துறது தெரியுது என்றேன். கண்ணை எடுக்காமலே காலை அகட்டி வைத்து நின்றுகொண்டார். தரை அசைகிற இடத்தில் நிற்பவர் நிற்கிற நிலை அது. அவ்வளவுதான் என் அனுபவம்.

இதைப் படித்துவிட்டுத் தொலைநோக்கி வாங்கக் கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. பெட்டியில் 500 மடங்கு, 600 மடங்கு என்று போட்டிருந்தால் அதை வாங்காதீர்கள். முக்கியம் உருப்பெருக்கம் இல்லை, முன்பக்கத்தின் விட்டம். எத்தனை மில்லிமீட்டர் விட்டமோ அதைப்போல இரண்டு மடங்குதான் அதிகபட்ச உருப்பெருக்கம், அதுவும் காற்று அமைதியாக இருக்கும் இரவில். 70 மில்லிமீட்டர் கருவியை 500 மடங்குக்குக் கொண்டு போனால் கலங்கிய மங்கல் வட்டம்தான் கிடைக்கும். சனியின் வளையம் விரிந்திருக்கும் ஆண்டுகளில் 30 மடங்கே போதும். அடுத்தது தாங்கி. ஆடுகிற முக்காலியில் நல்ல லென்ஸ் வைத்தும் பயன் இல்லை. தரையில் வைத்துத் திருப்பும் டாப்சோனியன் வகை கொடுத்த காசுக்கு அதிகம் காட்டும், குழந்தைகளும் தள்ளிப் பழகலாம். அதற்கும் முன்னால் 7x50 அல்லது 10x50 இருநோக்கி (7 அல்லது 10 மடங்கு, 50 மில்லிமீட்டர் விட்டம்) ஒன்று வாங்குங்கள். வியாழனின் நான்கு நிலாக்களும் அதிலேயே தெரியும், கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டால். கருவியை வெளியே எடுத்த உடனே பார்க்காதீர்கள், குழாயின் வெப்பம் வெளிக்காற்றோடு சமமாகட்டும். கண்ணும் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் வேண்டும், நடுவில் ஒருமுறை கைப்பேசியைப் பார்த்தால் மறுபடியும் முதலிலிருந்து. சூரியனை மட்டும் முன்பக்க வடிகட்டி இல்லாமல் எந்தக் கருவியிலும் பார்க்கவே கூடாது. கிரகணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருநோக்கியில் பார்க்கலாம் என்று ஒருவர் எங்கோ எழுதியிருந்தார். அந்தக் கண்ணாடி நொடியில் கருகிவிடும், கண் போய்விடும்.


வால்வெள்ளி எழுதியது:

வளையம், யாரும் தொலைநோக்கி கேட்கவில்லை. சூரியனைப் பற்றிச் சொன்னது மட்டும் அவசியம், அதற்கு நன்றி. அப்பாவைப் பற்றி இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம்.

2024 அக்டோபரில் வந்த சுச்சின்ஷான்-அட்லஸ் வால்வெள்ளியை நான் வெறுங்கண்ணால்தான் பார்த்தேன். அந்த ஜூலையிலேயே, சூரியனை நெருங்கும் முன் அது உடைந்து சிதறிவிடும் என்று வானியலாளர் ஒருவர் ஆய்வுக்கட்டுரையே எழுதியிருந்தார். செப்டம்பர் 27 அன்று சூரியனைச் சுற்றி முழுசாக வெளியே வந்தது. அக்டோபர் 12 அன்று நமக்கு ஏழு கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. தகவல் எல்லாம் தெரிந்தும் மாலையில் மேற்கே பார்த்தால் ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்றவர் கைப்பேசிக் கேமராவை இரண்டு நொடி திறந்து வைத்துப் படம் எடுத்தார், வாலோடு விழுந்தது. ‘போதுமே, கிடைச்சாச்சு’ என்று கிளம்பிவிட்டார்.

எனக்குப் போதவில்லை. படத்தில் இருந்த இடத்தை நேராகப் பார்க்காமல், அதற்குச் சற்றுப் பக்கத்தில் பார்வையை வைத்தேன். விழியின் நடுப்பகுதிக்கு மங்கலான ஒளி பிடிபடாது, ஓரத்துக்குப் பிடிபடும். அப்போது வந்தது. சாம்பல் நிறத்தில், நிமிர்ந்த வால், நேராகப் பார்த்தால் மறையும், பார்வையை விலக்கினால் திரும்ப வரும். படத்தில் இருந்த நிறமும் நீளமும் அதில் இல்லை. ஆனால் அந்த ஒளி அங்கிருந்து கிளம்பி என் விழிக்குள் வந்து விழுந்தது. கைப்பேசியில் பார்த்துவிட்டுக் கிளம்பியவர் அதைப் பார்த்தார் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.


கருவிழி எழுதியது:

அங்கேதான் நாம் முரண்படுகிறோம். கேமரா ஒளியைச் சேர்த்து வைக்கும், கண் சேர்க்காது. சேர்த்து வைத்ததும் அதே ஒளிதான். 3ஐ அட்லஸ் என்ற வேறொரு வால்வெள்ளி, நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்ததாக நாம் அறிந்த மூன்றாவது பொருள். 2025 டிசம்பரில் நமக்கு மிக அருகில் வந்தபோதும் 27 கோடி கிலோமீட்டர் தூரம். வெறுங்கண்ணுக்குச் சிக்கவே இல்லை. கேமரா இல்லாவிட்டால் அது வந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.


அரைநிலா எழுதியது:

இந்த விவாதம் தொடரட்டும். எனக்கு ஒரு உதவி வேண்டும். பாட்டிக்குக் கருவி எதுவும் இல்லாமல் காட்டக்கூடியது அடுத்து என்ன?


நிழல்விளிம்பு எழுதியது:

2026 ஆகஸ்ட் 12, 13 இரவு, பெர்சீட் எரிகல் மழை. அன்று அமாவாசை, நிலா வெளிச்சம் கெடுக்காது. (அதே 12ஆம் தேதிதான் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயினில் முழுச் சூரிய கிரகணமும்.) நள்ளிரவுக்குப் பிறகு, விடியும்வரை நன்றாக இருக்கும். பிரகாசமானவை அடிக்கடி வரும், மங்கலான பார்வைக்கும் சிக்கும். சாய்வு நாற்காலியும் ஒரு போர்வையும் போதும். எந்தத் திசையைப் பார்ப்பது என்று கவலை வேண்டாம், அதிக வானம் தெரிகிற பக்கம் உட்கார வையுங்கள். பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள், அவர் என்ன கேட்டார் என்று.