கொலம்போ: டிவிடி கையில் இருக்க, புளூ-ரே வாங்க வேண்டுமா?

கேள்வி (அந்திநேர வாசகன்):

அனைவருக்கும் வணக்கம். பீட்டர் ஃபாக் துப்பறிவாளராக நடித்த 'கொலம்போ' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் 1970-களின் ஏழு சீசன்களும் என்னிடம் டிவிடியாக இருக்கின்றன. லண்டனில் இருக்கும் என் சித்தப்பா ஊருக்கு வரும்போதெல்லாம் ஒவ்வொரு பெட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தவை அவை. பழைய டிவியில் குறையே தெரியாத படம், சென்ற மாதம் வாங்கிய 55 அங்குலத் திரையில் மங்கிப்போய், கொலம்போ அணியும் மழைக்கோட்டின் விளிம்புகள் பிசிறடித்துத் தெரிகிறது. கினோ லார்பர் நிறுவனம் 2023 இறுதியில் அமெரிக்காவில் வெளியிட்ட புளூ-ரே தொகுப்பை வாங்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய தொலைக்காட்சித் தொடரில் அந்த அளவு நுணுக்கம் இருக்குமா, அல்லது பழைய படத்தையே பெரிதாக்கித் தருகிறார்களா? அகலத்திரைக்காகப் படத்தை வெட்டியிருப்பார்களோ என்ற அச்சமும் உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தொடரின் ஒவ்வொரு பகுதியும் ஒரு முழுநீளப் படம். நண்பரின் அமெரிக்க டிவிடித் தட்டில் ஏறத்தாழ 98 நிமிடம் ஓடும் ஒரு படம், என் தட்டில் 94 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. என் தட்டில் காட்சிகளை நீக்கிவிட்டார்களா?

பதில் (பிலிம்சுருள்):

நண்பரே, முதல் ஐயத்துக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இந்தத் தொடர் வீடியோ டேப்பில் எடுக்கப்பட்டது அன்று. திரைப்படங்களைப் போலவே 35 மி.மீ. பிலிமில் எடுக்கப்பட்டது. ஆகவே டிவிடிப் படத்தின் 576 கிடைமட்ட வரிகளில் அடங்காத நுணுக்கம் பிலிமில் அன்றிலிருந்தே இருக்கிறது. பிலிமிலிருந்து நேராக எடுத்த நல்ல பிரதி 1080 வரிகளில் கிடைக்கும்போது, அது பழைய படத்தை ஊதிப் பெரிதாக்கியது ஆகாது.

1971 செப்டம்பர் 15 அன்று ஒளிபரப்பான முதல் சீசனின் முதல் படத்தை, அப்போது 24 வயதான ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கினார். அதன் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். தெருவில் ஒரு கார் போகிறது, இசை இல்லை, தட்டச்சுப் பொறியின் சடசடப்பு மட்டும் கேட்கிறது. கேமரா பின்வாங்கி ஜன்னல் வழியாக அறைக்குள் வந்தபிறகுதான் அந்த ஒலி எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரிகிறது. தெருவும் அறையும் ஒரே ஷாட்டில் இருப்பதால், தொலைவில் வரும் காரைக் கண் பற்றிக்கொள்ளும் அளவுக்குப் படம் தெளிவாக இருந்தால்தான் அந்தக் காட்சி முழுமையாக வேலை செய்யும்.

இந்தத் தொடரில் கொலையாளி யார் என்பதைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறார்கள். அதன் பிறகு நாம் பார்த்துக்கொண்டிருப்பது அவர் கை எதைத் தொட்டது, மேசையில் எது இடம் மாறியது என்பதைத்தான். அதனால் படத் தெளிவு இங்கே ஆடம்பரம் அன்று, கதையின் பகுதி என்றே நான் கருதுகிறேன். பழைய டிவியின் 4:3 (அகலம்:உயரம்) சட்டத்தை அகலத்திரையின் 16:9 ஆக்கினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். மேசையும் கையும் பெரும்பாலும் அந்தக் கால் பங்கில்தான் இருக்கும். கினோ தொகுப்பு 4:3 அளவிலேயே இருக்கிறது, இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். டிவியின் 'ஜூம்' அமைப்பைத் தயவுசெய்து அணைத்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரு காட்சி கரைந்து அடுத்தது தோன்றும் இடங்களிலும், பெயர்கள் வரும் இடங்களிலும் படம் திடீரென்று மங்கி, துகள் துகளாகத் தெரிந்து, மீண்டும் தெளியும். அக்காலத்தில் அவற்றை ஆய்வுக்கூடத்தில் மறுபிரதி எடுத்துச் செய்ததன் விளைவு அது. தட்டின் குறை என்று எண்ணித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

பதில் (சுருதிப்பெட்டி):

நிமிடக் கணக்குக்கு நான் பதில் சொல்கிறேன். எந்தக் காட்சியும் நீக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. பிலிம் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப் படங்கள், ஓடும். பிரிட்டனின் தொலைக்காட்சி முறையான பால் (PAL) முறை டிவிடியில் அதை நொடிக்கு 25 ஆக ஓட்டிவிடுவார்கள். 98-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்துப் பாருங்கள், 94 வரும். படம் வேகமாவது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் திருத்தம் செய்யாவிட்டால் ஒலியின் சுருதி அரை ஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். ஃபாக்கின் கரகரத்த குரலை நீங்கள் இத்தனை ஆண்டுகளாகச் சற்று மெலிதாகவே கேட்டுவந்திருக்கலாம். 24 பிரேமிலேயே ஓடும் புளூ-ரேயில் அதே குரலைக் கேட்கும்போது வேறுபாடு புரியும். என்னைப் பொறுத்தவரை, வாங்குவதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

பதில் (சிங்கை வாசகி):

வாங்குவதற்கு முன் ரீஜனைப் பாருங்கள், அதாவது தட்டு எந்த நாடுகளின் பிளேயர்களில் ஓடும் என்பதைக் குறிக்கும் மண்டல எழுத்தை. அந்தத் தொகுப்பு 'ஏ' ரீஜனுக்கு உரியது. சிங்கப்பூர், மலேசியாவும் 'ஏ' என்பதால் எங்களுக்குச் சிக்கல் இல்லை, ஆனால் இந்தியாவும் இலங்கையும் 'சி'. டிவிடி பிளேயரில் ரிமோட் வழியாகவே ரீஜன் தடையை நீக்க முடிந்ததைப்போலப் புளூ-ரே பிளேயரில் எளிதில் முடிவதில்லை. விலை கொடுத்துத் தட்டை வரவழைத்து, பிளேயர் ஏற்க மறுத்து, தெரிந்தவர் ஒருவர் வேதனைப்பட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

பெட்டியில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 1968, 1971 ஆண்டுகளின் தொடர் தொடங்குமுன் சோதனையாக எடுத்த இரண்டு முழுப் படங்களும் ஏழு சீசன்களின் 43 படங்களும் சேர்ந்து 45 படங்கள். மற்றத் தொடர்களோடு முறைவைத்து ஒளிபரப்பியதால் ஆறாம் சீசனில் மூன்றே படங்கள்தான் உண்டு. குறைவாக இருக்கிறதே என்று திகைக்க வேண்டாம். 1989 முதல் 2003 வரை அமெரிக்காவின் ஏபிசி அலைவரிசைக்காக எடுத்த 24 படங்கள் இதில் சேரவில்லை. மொத்தம் 69-ஐயும் விரும்பினால் அவற்றைத் தனியாகத் தேட வேண்டும். எழுபதுகளின் படங்களை முதலில் வாங்குங்கள் என்பதே என் கருத்து. தொடரின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இப்போதுதான் பிளேயரைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறத்தில், சிறிய உருண்டைப் படத்துக்குள் 'சி' என்றுதான் அச்சிட்டிருக்கிறது. எல்லா ரீஜனையும் ஏற்கும் பிளேயருக்கு முதலில் வழி செய்துகொண்டு, பிறகு தொகுப்பை வாங்குகிறேன். சித்தப்பா கொடுத்த பெட்டிகளை யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. ஒவ்வொன்றின் உள்ளட்டையிலும் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.