அப்பாருவுக்கு மறையாக்கத்தை எப்படிச் சொல்வது?

நொய்யல்கரை:
எங்கள் அப்பாரு (தாத்தா) காங்கயம் பக்கம் நாற்பது வருடம் மாட்டுத் தரகு பார்த்தவர். கண்ணபுரம் சந்தையை ஒரு வருடம்கூட விட்டதில்லை. வாட்ஸப்பில் மறையாக்கம் (அனுப்பியவரும் பெறுபவரும் தவிர வேறு யாருக்கும் விளங்காதபடி செய்தியை மாற்றுவது) என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இதென்னது?" என்றார். சர்வர், சாவி, கணக்கு என்று ஆரம்பித்தேன். அவர் வெற்றிலை மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம் துண்டுக்கு வந்தேன். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசினால், பத்துப் பேர் சுற்றி நின்றாலும் விலை தெரியாதல்லவா, அது மாதிரி என்றேன். "துண்டு காத்துல வெலகினா? எந்த விரலுக்கு எவ்வளவுன்னு சந்தைக்கே தெரியுமே" என்றார். என்னிடம் பதில் இல்லை. வேறு உதாரணம் இருந்தால் சொல்லுங்கள்.

மஞ்சமண்டி:
அப்பாரு சொன்னதுதானுங்க சரி. துண்டு மறைக்கும், அவ்வளவுதான். மறையாக்கம் என்றால் துண்டை விலக்கிப் பார்த்தாலும் விளங்கக் கூடாது. ஆனாலும் துண்டை விட்டுவிடாதீர்கள். யார் யாரோடு கை கோத்தார்கள், எப்போது கோத்தார்கள் என்பதைச் சந்தையே பார்க்கிறது. வாட்ஸப்பிலும் செய்தியைத்தான் படிக்க முடியாது. யார் யாருக்கு அனுப்பினார் என்பதை நடுவில் இருக்கும் சர்வரால் பார்க்க முடியும். இந்தப் பாதியை யாரும் சொல்வதே இல்லை.

பவானிக்காரி:
எங்கள் மகளிர் குழுவில் நான் பூட்டை வைத்துச் சொன்னேன். அமுக்கினால் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டு. அதைத் திறந்தபடி பஸ்ஸில் உங்களுக்குக் கொடுத்தனுப்புகிறேன், சாவி என் இடுப்பில். நீங்கள் சீட்டு நோட்டைப் பெட்டியில் வைத்து, பூட்டை மாட்டி அமுக்கி அனுப்புங்கள். கண்டக்டர் திறக்க முடியாது. பூட்டிய நீங்களே திறக்க முடியாது! பூட்டை ஊருக்கே கொடுக்கலாம், சாவி வீட்டைத் தாண்ட வேண்டாம் என்ற யோசனையை 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதி வெளியிட்டார்கள். அதற்கு முன் சாவியையும் எப்படியாவது பத்திரமாகக் கொடுத்தனுப்ப வேண்டும், அதுதான் பெரிய தலைவலி.

நொய்யல்கரை:
பூட்டு எடுபட்டது அக்கா. ஆனால் தரகர் புத்தி விடுமா? "கண்டக்டரு உன்ற பூட்டை மடியில போட்டுக்கிட்டு, அவன்ற பூட்டைக் குடுத்துட்டா?"

மஞ்சமண்டி:
அப்பாருவை வேலைக்கே எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறதே! படித்த பையன்களுக்கே இந்தச் சந்தேகம் வராது. கண்டக்டர் தன் சாவியால் திறந்து படித்துவிட்டு, உங்கள் பூட்டைப் போட்டு அனுப்பிவிடுவார். இரண்டு பக்கமும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் வாட்ஸப்பில் பெயரைத் தொட்டு உள்ளே போனால், இரண்டு பேர் பூட்டையும் வைத்துச் செய்த 60 இலக்க எண் ஒன்று இருக்கிறது. நேரில் உட்கார்ந்து இரண்டு போனிலும் ஒத்துப் பாருங்கள். ஒரே எண் என்றால் பூட்டு மாறவில்லை.

நொய்யல்கரை:
நேற்று ராத்திரி பார்த்தோம். ஐந்தைந்து எண்ணாகப் பன்னிரண்டு கட்டு. நான் வாசித்தேன், அப்பாரு தன் போனில் விரல் வைத்துக்கொண்டே வந்தார். எல்லாம் ஒத்துப்போனது. "செரி, இப்ப நான் வாசிக்கறேன், நீ பாரு" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.