பிள்ளைகளுக்கு ரமலான் அறிமுகம்: கைகொடுப்பவை, காலை வாருபவை

பசியில் ஆரம்பித்தால் பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள். பிறையில் ஆரம்பியுங்கள். சூரியன் மறைந்ததும் மேற்கே, அடிவானத்தை ஒட்டிப் பார்க்க வேண்டும். தலைக்கு மேலே தேடினால் கிடைக்காது. நகக்கீற்று மாதிரி மெல்லிசாகத் தெரியும், சீக்கிரமே இறங்கிவிடும். பைனாகுலரைச் சூரியன் முழுக்க மறைந்த பிறகே கையில் கொடுங்கள். ரமலான் ஆண்டுக்கு 10, 11 நாள் முன்னால் நகர்வதையும் அங்கேயே சொல்லிவிடலாம். 2030இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் இன்னொன்று!

*

30 பைகள் தைத்த துணி நாள்காட்டி செய்பவர்களுக்கு: பெரிய பரிசை 30ஆம் பையில் வைக்காதீர்கள். 29ஆம் நாள் மாலையிலேயே பிறை தெரிந்துவிட்டால் மாதம் முடிந்துவிடும், பெருநாள் காலையில் அழுகைதான். அந்தப் பையில் ‘பிறை தெரிந்ததா?’ என்று ஒரு சீட்டு போதும்.

*

பருவம் அடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை. பழக்கத்துக்குத்தான் அரை நோன்பு. சஹர் (விடியலுக்கு முந்தைய சாப்பாடு) சாப்பிட்டு, முதலில் காலை பத்து மணி வரை, அப்புறம் லுஹர் (நண்பகல் தொழுகை) வரை. சஹரில் உப்பு தூக்கலாக இருந்தால் பத்து மணிக்கே நா வறளும். தண்ணீரைக் கடைசி நிமிடத்தில் மடமடவென்று குடிப்பதைவிட, சாப்பாட்டுக்கு இடையே இரண்டு மூன்று தடவையாகக் குடிப்பது நல்லது. தலைசுற்றல், சோர்வு, சிறுநீர் குறைவு என்றால் உடனே நோன்பைத் திறக்க வைத்துவிடுங்கள். “போச்சு, முறிச்சிட்டியா?” என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் மறுநாள் பிள்ளை குளியலறையில் ஒளிந்து தண்ணீர் குடிக்கும், பொய்யும் சேர்ந்துகொள்ளும். மறந்து சாப்பிட்டால் நோன்பு முறியாது என்பதையும் முன்பே சொல்லி வையுங்கள்.

*

முஸ்லிம் அல்லாத குடும்பத்தை இஃப்தாருக்கு (நோன்பு திறக்கும் விருந்துக்கு) அழைத்தால் “சாயங்காலம் வாங்க” என்பது போதாது. மஃரிப் (சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகை) நேரத்தை நிமிடக் கணக்கோடு சொல்லி, 20 நிமிடம் முன்னதாக வரச் சொல்லுங்கள். பேரீச்சம்பழமும் தண்ணீரும், பிறகு தொழுகை, அதன் பிறகே சாப்பாடு என்று வரிசையையும் சொல்லிவிட்டால், வீட்டார் தொழப் போகும்போது விருந்தினர் திகைக்க மாட்டார்கள். அவர்களின் சின்னப் பிள்ளைக்குப் பசித்தால் காத்திருக்க வைக்காமல் கொடுத்துவிடுங்கள்.

*

ஃபித்ராவை (பெருநாளையொட்டி ஏழைகளுக்குக் கொடுக்கும் தானத்தை) ரொக்கமாக மட்டும் கொடுத்தால் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. தானியத்தை அள்ளவிடுங்கள். தலைக்கு ஒரு ஸாஉ, அதாவது இரு கை சேர்த்து நான்கு அள்ளு. எடையில் பொதுவாக இரண்டரை முதல் மூன்று கிலோ. பெருநாள் தொழுகைக்கு முன் போய்ச் சேர வேண்டும். சின்னக் கையால் அள்ளினால் அளவு குறையும், கணக்கு பெரியவர் கைக்குத்தான். எனவே பிள்ளை அள்ளட்டும், தராசு நிரப்பட்டும்.