ஒரே பிட்ச் சிவி, மூன்று விசிஓ: மேலே போகப் போக சுருதி இறங்குகிறது

கேள்வி

வணக்கம். 84 எச்பி (அகல அலகு) யூரோராக் கேஸ், அதாவது தனித்தனி மாட்யூல்களைக் கேபிளால் கோக்கும் சிந்தசைசர்ப் பெட்டி. சீக்வென்சர் (ஸ்வர வரிசையை வாசிக்கும் மாட்யூல்) தரும் பிட்ச் சிவியை, அதாவது சுருதியைச் சொல்லும் வோல்டேஜை, பாசிவ் மல்ட்டில் (ஜாக்குகளை நேரடியாக இணைக்கும் பிரிப்பான்) செருகி, அங்கிருந்து மூன்று விசிஓவுக்கு (வோல்டேஜுக்கு ஏற்ற சுருதியில் ஒலி எழுப்பும் ஆஸிலேட்டர்) பிரித்திருக்கிறேன். மூன்றும் வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி வகை. 0 வோல்ட்டில் மூன்றையும் 110 ஹெர்ட்ஸில் சேர்த்தால் சுத்தமாக நிற்கின்றன. 3 வோல்ட்டுக்குப் போனால் 880 வரவேண்டிய இடத்தில் 845தான் வருகிறது, அதாவது 70 சென்ட் (ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட்) குறைவு. மூன்றும் ஒரே அளவில் இறங்குவதால் ஒன்றுக்கொன்று சேர்ந்தே ஒலித்தன. கூட வாசிக்கும் கீபோர்டோடுதான் ஒட்டவில்லை.

முதல் விசிஓவின் பின்பக்கத்தில், ஒரு வோல்ட்டுக்கு சுருதி எவ்வளவு ஏறும் என்பதைச் சரிசெய்யும் ஸ்கேல் ட்ரிம்மரைத் திருப்பி 880க்குக் கொண்டுவந்தேன். இப்போது அது மற்ற இரண்டோடும் சேரவில்லை. மற்றவற்றையும் இப்படியே திருப்பலாமா?

பதில் 1

ட்ரிம்மரை இனித் தொடாதீர்கள். விசிஓக்களில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை, அவற்றுக்கு வந்து சேரும் வோல்டேஜ்தான் குறைகிறது.

முதலில் ஒரு சோதனை. 3 வோல்ட் ஸ்வரத்தை நிறுத்திப் பிடித்துக்கொண்டு, மல்ட்டிலிருந்து முதல் இரண்டு விசிஓவின் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கழற்றக் கழற்ற மூன்றாவதன் சுருதி ஏறினால் சந்தேகமே வேண்டாம், சுமை ஏறித்தான் வோல்டேஜ் இறங்குகிறது.

பல சீக்வென்சர்களில் வெளியீட்டு ஜாக்குக்கு முன்னால் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று தொடராக இருக்கும். இரண்டு வெளியீடுகளைத் தெரியாமல் கோத்துவிட்டாலும் ஐசி சாகாமல் காப்பது அதுதான். விசிஓவின் பிட்ச் உள்ளீடு பெரும்பாலும் 100 கிலோ ஓம். இந்த இரண்டுக்கும் இடையில் வோல்டேஜ் பங்கிடப்படுகிறது. ஒரு விசிஓ மட்டும் இருந்தால் 100/101, கிட்டத்தட்ட 1% போய்விடும். இரண்டு சேர்ந்தால் 50 கிலோ ஓம், இழப்பு 2%. மூன்றென்றால் 33.3 கிலோ ஓம், இழப்பு 2.9%. ஒரு வோல்ட்டுக்கு 1200 சென்ட் என்பதால் ஸ்தாயிக்கு முறையே 12, 23.5, 35 சென்ட் இறங்கும்.

ஒரு விசிஓ மட்டும் செருகிய நிலையில் ஸ்கேல் சரிசெய்திருந்தால் முதல் 12 சென்ட் அதிலேயே அடங்கிவிட்டிருக்கும். மிச்சம் ஸ்தாயிக்கு 23. மூன்று ஸ்தாயிக்கு 70. உங்கள் ட்யூனர் காட்டியதும் அதைத்தான். 0 வோல்ட்டில் குறைய ஒன்றுமில்லாததால் அடி ஸ்வரம் மட்டும் எப்போதும் சரியாக இருந்து ஆளை ஏமாற்றும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று உண்டு. கீழே எல்லாம் சரியாக இருந்து, 2, 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே மட்டும் சுருதி தொய்ந்தால் அது விசிஓவின் உள்விவகாரம். சுமையால் வரும் பிழை ஸ்தாயிக்கு ஸ்தாயி சீராகக் கூடிக்கொண்டே போகும்.

கேட்டவர்

நன்றி அண்ணா. கழற்றினால் ஏறத்தான் செய்கிறது. 3 வோல்ட் ஸ்வரத்தில் மல்ட்டின் காலி ஜாக்கில் மல்டிமீட்டர் வைத்தேன், 20 வோல்ட் ரேஞ்ச். விசிஓ இல்லாமல் 3.00, ஒன்றோடு 2.97, இரண்டோடு 2.94, மூன்றோடு 2.91. அப்படியானால் பாசிவ் மல்ட்டையே தூக்கிப்போட வேண்டியதுதானா?

பதில் 2

தூக்கிப்போட வேண்டாம். கேட், கிளாக் (ஆன்/ஆஃப், தாளத் துடிப்புகள்), எல்எஃப்ஓ (மெதுவாக அலையும் வோல்டேஜ்) எல்லாவற்றுக்கும் அது போதும். 5 வோல்ட் கேட் மூன்றாகப் பிரிந்து 4.85 ஆனால் எந்த என்வலப்பும் (கேட் வந்ததும் ஒலியின் ஏற்ற இறக்கத்தை வடிக்கும் மாட்யூல்) கவலைப்படாது. பிட்ச் சிவிக்கு மட்டும், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனி ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சுற்று) வைத்த பஃபர்டு மல்ட் வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று செருகும் ஸ்டாக் கேபிள்களும் பாசிவ்தான், அவற்றால் இது தீராது.

20 வோல்ட் ரேஞ்சில் கடைசி இலக்கம் 10 மில்லிவோல்ட், அதாவது 12 சென்ட். சின்னப் பிழை அதில் தெரியாது. 1 வோல்ட் ஸ்வரத்தைப் பிடித்து 2 வோல்ட் ரேஞ்சில் அளந்தால் ஒரு மில்லிவோல்ட் வரை, அதாவது 1.2 சென்ட் வரை பார்க்கலாம்.

பஃபர்டு மல்ட் வாங்கும்போது வெளியீட்டைத்தான் முதலில் விசாரியுங்கள். அதன் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஆப்-ஆம்பின் ஃபீட்பேக் சுற்றுக்கு (வெளியீட்டைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும் வழி) உள்ளே இருக்க வேண்டும். வெளியே இருந்தால், காசு கொடுத்து மறுபடி அதே 1% இழப்பை வாங்கிவந்ததாகிவிடும். உள்ளீடு 100 கிலோ ஓம் ஆனாலும் பரவாயில்லை. பின்னால் எத்தனை விசிஓ தொங்கினாலும் சீக்வென்சருக்குத் தெரியும் சுமை மாறாது. டிஎல்072 என்ற ஆப்-ஆம்ப் போட்ட பஃபர் சில மில்லிவோல்ட் ஆஃப்செட் (மாறாமல் கூடச் சேரும் வோல்டேஜ்) தரலாம். அது எல்லா ஸ்வரத்திலும் ஒரே அளவாக இருப்பதால் ட்யூன் குமிழைத் திருப்பினாலே தீரும்.

பாசிவ் மல்ட்டுக்கு மின்சாரம் தேவையில்லை, பஃபர்டு மல்ட்டுக்குத் தேவை. ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட் பக்கம் இருக்கிறதா என்று இரண்டு முனையிலும் பார்த்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

கேட்டவர்

பஃபர்டு மல்ட் போட்டாயிற்று. இரண்டாவதும் மூன்றாவதும் 880ல் நிற்கின்றன. முதலாவது மட்டும் 916. இன்னொரு கேள்வி: முழு வரிசையையும் ஒரு ஸ்தாயி ஏற்ற, சிவியை அட்டெனுவெர்ட்டர் மிக்சரில் (குமிழால் வோல்டேஜைக் குறைத்தோ தலைகீழாக்கியோ கலக்கும் மாட்யூல்) விட்டு ஆஃப்செட் சேர்க்கிறேன். அதில் மூன்றுமே பிசகுகின்றன.

பதில் 1

916 நீங்கள் திருப்பிய ட்ரிம்மரின் கணக்கு, முன்பு ஈடுகட்டிய அதே 70 சென்ட். கேஸை அரை மணி நேரம் சூடேற விடுங்கள். 0 வோல்ட்டில் ட்யூன் குமிழால் 110 வையுங்கள். 3 வோல்ட்டுக்குப் போய், 880க்கு மேலே இருந்தால் ஸ்கேல் ட்ரிம்மரைக் குறையுங்கள். சில விசிஓக்களில் ட்ரிம்மரைத் தொட்டதும் அடி ஸ்வரமும் நகரும், அதனால் திரும்ப 0 வோல்ட்டுக்கு வந்து 110 வைத்து மறுபடி மேலே போங்கள். நாலைந்து சுற்றில் படிந்துவிடும். பாட்டு வாசிக்கும்போது எந்தக் கேபிள்கள் இருக்குமோ அவை அத்தனையும் செருகியிருக்கும்போதே செய்யுங்கள்.

அட்டெனுவெர்ட்டர் வழியாக பிட்ச் சிவியை விடவே கூடாது. குமிழை வலக்கோடி வரை திருப்பினாலும் சரியாக ஒரு மடங்கு வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 0.98 வந்தால் ஸ்தாயிக்கு 24 சென்ட் போச்சு. ஃபில்டருக்குப் போகும் எல்எஃப்ஓவைக் குறைக்கவும் தலைகீழாக்கவும் அது அருமையான கருவி, சுருதிக்கு ஆகாது. இதற்கென்றே வோல்டேஜ்களைத் துல்லியமாகக் கூட்டும் பிரிசிஷன் ஆடர் இருக்கிறது; டோப்ஃபர் ஏ-185-2 அந்த வகை. சாதாரண 1% ரெசிஸ்டர்களில் கூட்டினால் மோசமான நிலையில் ஒரு கட்டத்திலேயே 2% பிசகும், 0.1% ரெசிஸ்டர்களில் அது 0.2%, ஸ்தாயிக்கு 2.4 சென்ட். ஆடரின் ஓர் உள்ளீட்டில் சீக்வென்சரையும், இன்னொன்றில் மல்டிமீட்டரில் பார்த்துவைத்த 1.000 வோல்ட்டையும் கொடுங்கள்.

பாசிவ் மல்ட்டிலேயே இரண்டு வெளியீடுகளைச் செருகிக் கூட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இரண்டிலும் 1 கிலோ ஓம் இருந்தால் 1 வோல்ட்டும் 3 வோல்ட்டும் சேர்ந்து 4 ஆகாது, சராசரியாக 2 வரும். ரெசிஸ்டர் இல்லாத வெளியீடுகள் என்றால் ஐசி சுடும்.

பதில் 3

இத்தனைக்குப் பிறகும் ஏதோ ஒரு மாட்யூலின் விளக்கு மின்னும்போதெல்லாம் சுருதி ஆடினால், சிவி வழியை நோண்டாமல் கிரவுண்டைப் பாருங்கள். மாட்யூல்களின் மின்சாரம் திரும்பும் பஸ் வயரில் 0.1 ஓம் இருந்து அதில் 50 மில்லிஆம்பியர் வந்துவந்து போனால் 5 மில்லிவோல்ட், 6 சென்ட். விளக்கு நிறைந்த மாட்யூல்களை வேறு பஸ் வயருக்கு மாற்றினால் பெரும்பாலும் அடங்கும்.

கேட்டவர்

ஐந்து சுற்று ஆனது. முதல் விசிஓ இப்போது 110.0, 220.0, 440.1, 879.6. ஆடர் இன்னும் வாங்கவில்லை, அதுவரை ஸ்தாயி மாற்றத்தை சீக்வென்சருக்குள்ளேயே எழுதிக்கொள்கிறேன்.